விளம்பரத்தில் நடிப்பதால் குவாட்டர்பேக்கின் ஆட்டம் கெடுகிறதா? தோற்றபின் குறை சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

கிளீவ்லாண்டுக்கு வேலைக்கு வந்து இரண்டு சீசன் ஆகிறது, அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் தினமும் குவாட்டர்பேக் (அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துகிறவர்) சண்டைதான், ஒருவர் "விளம்பரத்தில் நடிக்கிற நேரத்தில் பயிற்சி எடுத்திருந்தால் ஜெயித்திருப்பார்" என்கிறார், இன்னொருவர் "சம்பாதிக்கிறவர் சம்பாதித்துவிட்டுப் போகட்டும், தோற்றதும் கூட ஆடுகிறவர்களைக் குறை சொல்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை" என்கிறார், இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு தனிப் புகார்கள். ஆனால் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: விளம்பரத்தில் வருகிற குவாட்டர்பேக் வாயைத் திறந்தால் மட்டும் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது, அந்தக் கோபத்துக்கு ஆட்டத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

நான் இதே ஒஹாயோவில் விளம்பரப் படங்களுக்கான ஒப்பந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன். வீரரின் ஏஜென்ட் ஒரு பக்கம், காசு கொடுக்கும் நிறுவனம் மறுபக்கம், நடுவில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், என்ன உடை, எதைச் சொல்லலாம் என்று எழுதிக்கொடுக்கிற ஆள். அதனால் விளம்பரப் பக்கத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஆட்ட நுணுக்கத்தில் நான் உங்களைப் போல ஒரு ரசிகன்தான், அதைக் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது, இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பிப்ரவரியில். பயிற்சி முகாம் ஜூலைக் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்னால் கிடைக்கிற மாதங்களில்தான் பெரிய விளம்பரங்கள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. ஒப்பந்தத்தில் "இத்தனை படப்பிடிப்பு நாள், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம், அணியின் வேலைக்கு இடையூறு வரக்கூடாது" என்று தெளிவாக எழுதியிருக்கும், அந்தக் கடைசி வரியை ஏஜென்ட்கள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. படப்பிடிப்பு அன்று வீரர் வருவதற்கு முன்பே அவர் உயரத்தில் வேறொருவரை நிறுத்தி விளக்கெல்லாம் சரி செய்து முடித்திருப்பார்கள். அவர் வந்ததும் ஒரே நாளில் மூன்று நான்கு படங்களுக்கான காட்சிகளை எடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் ஞாயிறுதோறும் நீங்கள் பார்க்கிற முகம், சில நாள் வேலையில் எடுத்ததாக இருக்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நிறைய விளம்பரங்களில் வீரர் போட்டிருக்கும் ஜெர்சி அவர் அணியின் நிறத்தை ஒட்டி இருக்கும், ஆனால் சின்னம் இருக்காது, அணியின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். தன் முகத்தையும் பெயரையும் விற்க வீரருக்கு உரிமை உண்டு. ஹெல்மெட் சின்னமும் அணிப் பெயரும் லீக்கின் சொத்து, அதற்குத் தனியாக அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். அதனால் படப்பிடிப்பில் ஒருவருக்கு இதே வேலையாக இருக்கும்: கைப்பட்டையில் உள்ள கோடுகள் அசல் ஜெர்சி மாதிரி தெரிகிறதா, பந்தில் லீக் முத்திரை கேமராவுக்குத் தெரிகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் போய்ப் பார்ப்பது. பந்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொல்லி நானே நின்றிருக்கிறேன். மதுவுக்கும் தடை உண்டு, ஆடிக்கொண்டிருக்கும் வீரர் பீரைப் பரிந்துரைத்து விற்கக்கூடாது. 2016-இல் சூப்பர் பவுல் ஜெயித்த கையோடு குவாட்டர்பேக் பேய்டன் மேனிங் பட்வைசர் பீர் குடிக்கப்போவதாக மைக்கில் சொன்னபோது, காசு வாங்கிக்கொண்டு சொன்னாரா என்று ஊரே கேட்டது. நாங்கள் பணம் எதுவும் கொடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே சொல்ல வேண்டியிருந்தது.

சரி, நேரம் போகவில்லை என்றால் கவனம் சிதறுகிறது என்பார்கள். இதற்கு உங்கள் ஊரிலேயே கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு 2018 டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், முதல் ஆளாகக் கிளீவ்லாண்டுக்கு வந்தார். கிளீவ்லாண்டின் பிரவுன்ஸ் அணி அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் ஆடிய 32 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்திருந்தது. அந்த செப்டம்பரில் ஜெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் களமிறங்கி 21-17 என்று ஜெயித்துக் கொடுத்தார். அன்றைக்கு ஊர் பார்களில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்த பட் லைட் குளிர்பெட்டிகள் திறந்துகொண்டன, முதல் வெற்றிக்கு இலவச பீர் என்று நிறுவனம் முன்பே அறிவித்திருந்த ஏற்பாடு அது. அதை நினைவில் வைத்திருக்கும் ஆள் உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

2019-இல் புரோகிரெசிவ் காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடங்கின. நிறுவனத்தின் தலைமையகமே கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மேஃபீல்டு வில்லேஜ், பெயர் பொருத்தம் தற்செயல். சுமார் 67,000 பேர் உட்காரும் மைதானத்தையே தன் வீடாக வைத்துக்கொண்டு மேஃபீல்டும் மனைவியும் சாதாரண வீட்டுத் தொல்லைகளைச் சமாளிக்கிற மாதிரி படங்கள். நல்ல விளம்பரங்கள்தான், நான் பொறாமைப்பட்ட வேலை. அந்த வருடம் அணி 6-10 (ஆறு வெற்றி, பத்துத் தோல்வி), மேஃபீல்டு 21 இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது அவர் எறிந்த பந்தை 21 முறை எதிரணி பிடித்துக்கொண்டது, "விளம்பரத்தைக் குறை, ஆட்டத்தைப் பார்" என்கிற பேச்சு பெரிதானது அப்போதுதான். 2020-இல் அதே விளம்பர வரிசை, அதே மனிதர், புதிதாக வந்த பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. இன்டர்செப்ஷன் எட்டாகக் குறைந்தது, அணி 11-5, ஜனவரி 2021-இல் பிட்ஸ்பர்க்கை அதன் ஊரிலேயே 48-37 என்று பிளேஆஃபில் தோற்கடித்தது. 1994 சீசனுக்குப் பிறகு பிரவுன்ஸுக்கு அதுதான் முதல் பிளேஆஃப் வெற்றி. அந்த வாரம் விளம்பரத்தைப் பற்றிப் புகார் சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை. 2021-இல் இரண்டாவது ஆட்டத்தில் இடது தோள் கிழிந்தது, அதோடு சீசனை ஓட்டினார், ஆட்டம் சரிந்தது, அணி 8-9, உடனே விளம்பரப் புகார் மறுபடி கிளம்பிவிட்டது. மூன்று வருடமும் விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மாறியது பயிற்சியாளரும் தோளும். ஒரு ஆளை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பது சரிதான், ஆனால் விளம்பரத்தால் ஆட்டம் கெடுகிறது என்று சொல்கிறவர்கள் நடுவில் இருக்கும் 2020-ஐ எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டும்.

பிறகு எரிச்சல் எங்கிருந்துதான் வருகிறது என்றால், என் தொழிலிலிருந்துதான் வருகிறது என்பேன். பெரிய நிறுவனங்கள் கால்பந்து ஆட்டங்களுக்கான விளம்பர நேரத்தை சீசன் தொடங்கும் முன்பே பெருமளவு வாங்கிவிடும். படங்களும் கோடையிலேயே தயார். டிசம்பரில் அணி 3-9 என்று கிடந்தாலும் வாங்கிய நேரத்தில் அந்தப் படம் ஓடத்தான் வேண்டும், வேறு படம் கையில் இருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் இல்லை. விளைவு என்ன? குவாட்டர்பேக் பந்தை எதிராளி கையில் கொடுக்கிறார், ஆட்டம் இடைவேளைக்குப் போகிறது, அடுத்த பத்தாவது நொடியில் அதே ஆள் சிரித்துக்கொண்டே காப்பீடு விற்கிறார். மேயில் எடுத்த சிரிப்பு அது, ஆனால் ரசிகனுக்கு இப்போது சிரிக்கிற மாதிரி இருக்கிறது. இந்த விளையாட்டில் ஒரு அணிக்கு 53 பேர், எல்லார் முகமும் ஹெல்மெட்டுக்குள். ஹெல்மெட் இல்லாமல் ஊர் முழுக்கத் தெரிகிற முகம் பெரும்பாலும் குவாட்டர்பேக்கினுடையதுதான், அதையும் தெரிய வைத்தது விளம்பரம்தான். கோபப்பட ஒரு முகம் வேண்டுமென்றால் அந்த முகம் தயாராக இருக்கிறது. தோனியும் டெண்டுல்கரும் அவுட்டாகிப் போன அடுத்த நிமிடம் டிவியில் வந்து ஏதாவது விற்றபோது நம் வீடுகளில் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி குறை சொல்வது. குவாட்டர்பேக் பேசாமல் இருக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லீக் விதிப்படி ஆட்டம் முடிந்ததும் அவர் செய்தியாளர்கள் முன்னால் வந்தாக வேண்டும், வாரத்தின் நடுவிலும் ஒருமுறை. தோற்று அரை மணி நேரம்கூட ஆகாத ஒருவரிடம் "ஏன் தோற்றீர்கள்" என்று கேட்டால் நேர்மையான பதிலில் யாராவது ஒருவர் பெயர் அடிபடத்தான் செய்யும். ஆகவே பேசினாரா என்பதைவிட யாரைச் சொன்னார் என்பதுதான் முக்கியம்.

பேய்டன் மேனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 சீசனில் அவர் ஆடிய இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 14-2. அந்தக் காலகட்டத்தில் டிவியைப் போட்டால் மேனிங்தான், குறிப்பாக மாஸ்டர்கார்டு விளம்பரம்: கடையில் இறைச்சி வெட்டுகிறவர் போன்ற சாதாரண வேலைக்காரர்களுக்கு இவர் வெறி பிடித்த ரசிகர் மாதிரி கைதட்டி "வெட்டு, வெட்டு" என்று கூச்சல் போடுவார். பக்கத்து வீட்டு நல்ல பையன், மற்றவர் உழைப்பை மதிக்கிறவர் என்கிற பிம்பம். ஜனவரி 2006-இல் பிட்ஸ்பர்க்கிடம் சொந்த மைதானத்தில் 21-18 என்று பிளேஆஃபில் தோற்றார்கள், மேனிங் ஐந்து முறை சேக் வாங்கினார், அதாவது பந்தை எறியும் முன்பே கீழே தள்ளப்பட்டார், கடைசி நொடிகளில் பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர் மைக் வாண்டர்ஜாக்ட் ஃபீல்டு கோலைத் தவறவிட்டார். ஆட்டத்துக்குப் பிறகு மேனிங் சொன்னதன் சாரம்: நல்ல சக வீரனாக நடந்துகொள்ளப் பார்க்கிறேன், எங்களுக்குப் பாதுகாப்பில் சிக்கல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். பாதுகாப்பு என்றால் அவர் முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஆஃபென்சிவ் லைன். பார்க்கப்போனால் அது மிகச் சாதுவான வாக்கியம், தகவலாகச் சரியும்கூட. ஆனால் ஊர் கொதித்தது. இறைச்சி வெட்டுகிறவருக்குக் கைதட்டியவர் தனக்காக அடி வாங்குகிற ஐந்து பேரைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பதுதான் பேச்சு.

இதே மேனிங் மூன்று வருடம் முன்பு, 2003-இல், இதைவிடக் கடுமையாகப் பேசியிருந்தார். வாண்டர்ஜாக்ட் ஒரு பேட்டியில் மேனிங்கையும் பயிற்சியாளர் டோனி டங்கியையும் குறை சொல்ல, குடித்துவிட்டு உளறிய முட்டாள் கிக்கர் என்று ஹவாயில் நட்சத்திர வீரர்கள் ஆடும் புரோ பவுல் ஆட்டத்தின்போது டிவியிலேயே பதிலடி கொடுத்தார். அதற்கு ரசிகர்கள் சிரித்தார்கள், பெரும்பாலானோர் அவர் பக்கம். கிக்கர் முதலில் வம்புக்கு வந்தார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கிண்டலும் கேலியும் விளம்பரத்தில் பார்த்த மேனிங்கோடு ஒத்துப்போனது, லைனைக் குறை சொன்னது ஒத்துப்போகவில்லை. என் கருத்தே இதுதான்: விளம்பரம் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் வீரர் பேசுவதை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை மாற்றிவிடுகிறது. காசு வாங்கி ஒரு குணத்தை விற்றிருக்கிறார், தோற்ற அன்றைக்கு ரசிகன் அந்தக் குணத்தைக் காட்டு என்கிறான். அது அநியாயமா என்றால், முழுக்க அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, விற்றது அவர்தானே. (மேனிங்குக்கு இது நன்றாகவே புரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டு, 2007 மார்ச்சில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில், சின்னப் பிள்ளைகள்மேல் பந்தை வேகமாக எறிந்து திட்டுகிற மாதிரி நடித்துத் தன் நல்ல பையன் பிம்பத்தைத் தானே கிழித்தார். அது இன்றைக்கும் பேசப்படுகிறது.)

மேஃபீல்டு விஷயத்தில் இந்த அளவுகோல் குழம்பிப்போனது. விளம்பரத்தில் பொறுமையான குடும்பஸ்தர், வெளியில் வாய்த்துடுக்குக்காரர். 2019 டிசம்பரில் சக வீரர் ஓடெல் பெக்கமின் காயத்தை அணியின் மருத்துவக் குழு சரியாகக் கையாளவில்லை என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வருத்தம் தெரிவித்தார். 2021 நவம்பரில் டெட்ராய்ட்டை 13-10 என்று ஜெயித்த ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதிக்க, செய்தியாளர்களைப் பார்க்காமலே போய்விட்டார். இதில் முதலாவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், சக வீரனுக்காகப் பேசியது அது, பேசிய இடம்தான் தப்பு. இரண்டாவது வேறு, தோளில் காயத்தோடு ஆடிய ஆளுக்கு இரக்கம் கிடைக்க வேண்டிய நேரத்தில் அதையும் கெடுத்துக்கொண்டார்.

நடுவர்களைக் குறை சொல்வதற்குக் கணக்கு நேரடியானது, அபராதம். 2023 டிசம்பரில் பஃபலோவிடம் 20-17 என்று தோற்றபோது, ஆஃப்சைடு என்ற விதிமீறலால் ஒரு டச்டவுன் (ஆறு புள்ளி) ரத்தானதற்காக நடுவர்கள்மேல் பாய்ந்த கான்சாஸ் சிட்டி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 50,000 டாலர், பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கு ஒரு லட்சம். அவர் நடித்த ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு விளம்பரங்கள் வழக்கம்போல ஓடின. நடுவரைத் திட்டுகிற வீரரால் காப்பீடு விற்பனை குறையும் என்று எந்த நிறுவனமும் பயப்படுவதில்லை.

நிறுவனம் உண்மையிலேயே பயப்படுவது வேறு வகைப் பேச்சுக்கு. அப்போது கிரீன் பே அணியின் குவாட்டர்பேக்காக இருந்த ஆரன் ராட்ஜர்ஸ் 2021 ஆகஸ்டில், தடுப்பூசி போட்டீர்களா என்ற கேள்விக்கு, எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கிறேன் என்ற பொருள் வருகிற மாதிரி சுற்றிவளைத்துப் பதில் சொன்னார். நவம்பரில் கோவிட் வந்தபோதுதான் அவர் ஊசி போடவில்லை என்று தெரிந்தது. கான்சாஸ் சிட்டி ஆட்டத்தை இழந்தார், லீக் அவருக்கு 14,650 டாலரும் அணிக்கு மூன்று லட்சம் டாலரும் அபராதம் போட்டது. அவரை முகமாக வைத்திருந்த பிரீவியா ஹெல்த் என்கிற விஸ்கான்சின் மருத்துவ நிறுவனம் அந்த வாரமே விலகிக்கொண்டது, விலகாமல் அதற்கு வேறு வழியில்லை, ஊசி போடச் சொல்லும் நிறுவனம் அது. 2011 முதல் அவரை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டேட் ஃபார்ம், அவர் சொன்ன சிலவற்றை ஆதரிக்கவில்லை, கருத்துச் சொல்லும் உரிமையை மதிக்கிறோம் என்று அறிக்கை விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் வந்த படங்களையும் வெகுவாகக் குறைத்துவிட்டது. எங்கள் ஒப்பந்தங்களில் நடத்தைப் பிரிவு என்று ஒன்று இருக்கும், நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வந்தால் விலகலாம் என்பது. அதை முழுதாகப் பயன்படுத்துவது அபூர்வம், சத்தமில்லாமல் படத்தை மாற்றி ஓட்டுவதுதான் வழக்கம். உங்கள் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்கு அடுத்தது: விளம்பரப் பக்கம் இவ்வளவு அமளி நடந்த அதே சீசனில்தான் ராட்ஜர்ஸ் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

சந்தேகத்துக்கு இடமுள்ள ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. உடைமாற்றும் அறைக்குள் விளம்பரப் பணம் பொறாமையை வளர்க்கிறதா? வளர்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அடி வாங்குகிற லைன்மேனுக்குத் தேசிய விளம்பரம் அபூர்வம், அவர் காப்பாற்றுகிற ஆளுக்குக் கொட்டுகிறது. குவாட்டர்பேக்குகள் வருடக் கடைசியில் லைன்மேன்களுக்குப் பெரிய பரிசு கொடுப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருப்பது சும்மா இல்லை. 2024 கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி, சம்பளம் அப்போது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு, தன் லைன்மேன்களுக்கு டொயோட்டா வண்டிகள் வாங்கித் தந்தார், அவர் டொயோட்டா விளம்பரத்தில் வருகிறவர். ஆனால் பொறாமையால் ஒரு லைன்மேன் தடுப்பாட்டத்தில் சுணங்கினார் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. அப்படிச் சுணங்கினால் வேலை போவது முதலில் அவருக்குத்தான். யாராவது இதை அடித்துச் சொன்னால் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, சாப்பாட்டு மேசையில் முதல் கட்சிக்காரர் சொல்வது தப்பு, தேதியைப் பார்த்தாலே விழுந்துவிடும். இரண்டாவது கட்சிக்காரரிடம் நான் பாதி ஒத்துப்போவேன், யாரைக் குறை சொன்னார் என்று அவர் பிரித்துப் பார்த்தால். மேஃபீல்டு இப்போது தம்பாவில். 2022-இல் கரோலினாவுக்கு அனுப்பப்பட்டார், மைதான வீட்டு விளம்பரங்களும் நின்றன, அதே வருடக் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ், 2023-இல் தம்பா, 2024-இல் மூன்று வருடத்துக்குப் பத்து கோடி டாலர் ஒப்பந்தம், அந்த சீசனில் 41 டச்டவுன் பாஸ். வாய் அப்படியேதான் இருக்கிறது. தம்பாக்காரர்கள் அதைத் தைரியம் என்கிறார்கள்.